மருந்து குடித்த மரம்

நெய்வேலிச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியில் சில கட்டிகள் இன்னும் மரமாகவே தெரியும். நாரோட்டம்கூடக் கலையாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் மட்கிப் போகாத மரம்! ஆனால் வெயிலில் போட்டால், பாதிக்குப் பாதி இருக்கும் ஈரம் வற்றி, வெடித்து உதிர்ந்துவிடும். கெடவில்லை, ஆனால் வலுவும் இல்லை. மருந்தேற்றிய மரத்திடமும் பொறியாளர்கள் கேட்பது இதைத்தான்: கரையான் தொடாது சரி, பாரம் தாங்குமா?

1933-ல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோன்டி காமேசம் செம்பு, குரோமியம், ஆர்செனிக் உப்புகளைக் கலந்து ‘ஆஸ்கு’ என்ற மர மருந்தை உருவாக்கினார். செம்பு பூஞ்சைக்கு, ஆர்செனிக் கரையானுக்கு. இரண்டையும் மழை அடித்துப் போகாமல் மரத்தோடு பிணைப்பது குரோமியம். உலகமெங்கும் கம்பங்களுக்கு இந்தக் கலவை ஏறியது.

பிணைக்கும் வேகத்தில் குரோமியம் மரத்தின் நாரையும் கொஞ்சம் சிதைக்கிறது. விறைப்பு அநேகமாகக் குறைவதில்லை. முறியும் வலு, ஏற்றும் மருந்தின் அளவைப் பொறுத்து 20% வரை குறையலாம். திடீர் அடியைத் தாங்கும் திறனுக்குத்தான் பெரிய அடி, பாதிவரைகூடப் போகலாம். மருந்தேற்றிய பிறகு சூளையில் உலர்த்தும்போது வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க விதி சொல்வது, சூடு இந்தச் சேதத்தைக் கூட்டும் என்பதால்தான்.

பலகைகளை அடுக்கி ஒட்டிய உத்திரத்தில் பசையும் ஒரு கட்சி. மருந்தை முதலில் ஏற்றினால், உலோக உப்புகள் மரத்தின் மேல் படிந்து பசையைப் பிடிக்க விடாது. இழைத்துவிட்டு ஒட்டலாம், ஆனால் நன்றாக மருந்து ஏறிய மேற்பகுதியும் சீவலோடு போகும், அந்தச் சீவலில் ஆர்செனிக் வேறு! ஒட்டிய பிறகு ஏற்றினாலோ, நீர் குடித்து மரம் உப்பும், காயும்போது சுருங்கும். வெடிப்பும் ஒட்டுக்குச் சோதனையும் வரும். எண்ணெயில் கரைத்த மருந்துக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனால் முழு உத்திரமும் மருந்தேற்றும் உருளைத் தொட்டிக்குள் நுழைய வேண்டுமே!

ஆர்செனிக் கலவைக்கு அமெரிக்க வீட்டு உபயோகத்தில் 2003 முடிவோடு விடை கொடுத்தாயிற்று. நெய்வேலியைச் சுற்றியுள்ள முந்திரிக் காடுகளிலோ பழைய மருந்து ஒன்று உண்டு: முந்திரித் தோட்டு எண்ணெய். மீனவர்கள் படகுக்குப் பூசியது. அதே எண்ணெயிலிருந்து பசைக்கான பிசினும் தயாராகிறது. தோலைச் சுட்டுவிடும் என்பதால், கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு உட்காருவார்கள்.