வீட்டு மீன் தொட்டியில் பவளம் வளர்க்கலாமா? பணம் அனுப்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தேவ்நாரில் இரண்டு பேர் சேர்ந்து எடுத்த வாடகை ஃபிளாட். ஹாலில் ஒரு மூலை காலியாக இருக்கிறது. ராத்திரி ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கும்போது, நீல வெளிச்சத்தில் மின்னும் ஒரு பவளத் தொட்டி கண்ணில் படுகிறது. "நாமும் ஒண்ணு வைக்கலாமே" என்று தோன்றுகிறது. விற்பவருக்கு வாட்ஸ்அப் செய்தால், "சின்னத் துண்டு இருக்கு சார், ரெண்டே நாள்ல வீட்டுக்கு வந்துடும்" என்று பதில் வருகிறது.

பணம் அனுப்பும் முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, கடினப் பவளத்தை வீட்டில் வைத்திருப்பது இந்தியாவில் குற்றம். வனவிலங்குச் சட்டத்தில் புலி இருக்கும் அதே அட்டவணையில்தான் பவளமும் இருக்கிறது. இரண்டு, சட்டத்தை ஒரு நிமிஷம் ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், கடல் இலவசமாகச் செய்யும் வேலையை ஒரு ஃபிளாட்டில் தினமும் செய்வது நீங்கள் நினைப்பதைவிடக் கஷ்டம்.

பவளம் கல்லா, செடியா?

இரண்டும் இல்லை, விலங்கு. கடினப் பவளம் என்பது பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்களின் கூட்டம். ஒவ்வொரு பாலிப்பின் திசுவுக்குள்ளும் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் தயாரிக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. பவளத்தின் நிறத்துக்கும் இந்தப் பாசிகள் முக்கியக் காரணம்.

அந்தச் சாப்பாட்டின் பலத்தில், கடல் நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்து, பாலிப் தனக்கு அடியில் சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டுகிறது. தண்ணீர் சூடானால் பாசிகள் வெளியேறிவிடும். பவளம் வெளுக்கும். நிலைமை சீக்கிரம் சரியாகாவிட்டால் பட்டினியில் சாகும்.

தொட்டியில் அது உயிரோடு இருக்க என்ன வேண்டும்?

பவளத் தொட்டி வைப்பவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவுகள் இவை:

- வெப்பநிலை: 24 முதல் 27 டிகிரி செல்சியஸ்
- உப்பு: ஆயிரத்துக்கு 35 பங்கு
- கால்சியம்: 400 முதல் 450 பிபிஎம்
- மக்னீசியம்: 1,250 முதல் 1,350 பிபிஎம்
- ஆல்கலினிட்டி, அதாவது காரத்தன்மை: 8 முதல் 9 டிகேஹெச்

இதில் பலரும் கோட்டைவிடுவது கடைசி வரியில். பவளம் எலும்புக்கூடு கட்டும்போது கால்சியமும் ஆல்கலினிட்டியும் சேர்ந்தே குறையும், ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. ஆல்கலினிட்டி 1 டிகேஹெச் இறங்கினால் கால்சியம் சுமார் 7 பிபிஎம்தான் இறங்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உங்கள் தொட்டியில் கால்சியம் 420, ஆல்கலினிட்டி 8 என்று வைத்துக்கொள்வோம். பவளங்கள் ஒரு நாளைக்கு 1 டிகேஹெச் எடுக்கின்றன. நான்கு நாளில் கால்சியம் 392 ஆகும், பார்த்தால் பெரிய வித்தியாசமே தெரியாது. ஆனால் ஆல்கலினிட்டி 4 ஆகிவிடும், அதாவது பாதி காலி. கால்சியம் டெஸ்ட் கிட் மட்டும் வைத்திருப்பவர் "எல்லாம் நார்மல்" என்று நினைத்துக்கொண்டிருப்பார், தொட்டிக்குள் பவளத்தின் திசு உரிந்துகொண்டிருக்கும்.

சரி, பவுடரை ஒரே அடியாகக் கொட்டி ஏற்றிவிடலாமா? கூடாது. திடீர் ஏற்றமும் திசுவைக் கருக்கும். ஒரு நாளில் 1 டிகேஹெச்சுக்கு மேல் ஏற்றாமல் இருப்பதுதான் பாதுகாப்பு. அதனால்தான் அனுபவசாலிகள் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கும் பம்ப் வைக்கிறார்கள். அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால்கூடப் பவளம் சமாளித்துக்கொள்ளும். அதைக் கொல்வது பெரும்பாலும் ஏற்ற இறக்கம்தான்.

கடலில் இந்தப் பிரச்சினையே இல்லை. அலை ஒவ்வொரு நொடியும் புதுத் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிறது. 200 லிட்டர் தொட்டியில் அந்த அலையின் வேலையை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மும்பை ஃபிளாட்டில் எங்கே இடிக்கும்?

முதலில் வெப்பம். மின்விசிறியைத் தண்ணீர் மேல் திருப்பிவிட்டால் ஆவியாகிக் குளிரும் என்பார்கள். காற்றில் ஈரம் ததும்பும் மும்பை மழைக்காலத்தில் அந்த வித்தை சரியாகப் பலிக்காது. சில்லர்தான் வழி. அது தொட்டியிலிருந்து எடுக்கும் சூட்டை உங்கள் ஹாலில்தான் விடும்.

அடுத்தது ஆவியாதல். போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதை ஈடுகட்டத் தினமும் ஆர்.ஓ. நீர் ஊற்ற வேண்டும், உப்பு நீர் ஊற்றக்கூடாது. "பக்கத்திலேயே கடல் இருக்கே, ஒரு கேன் பிடிச்சுட்டு வந்தா போச்சு" என்ற எண்ணமும் வேண்டாம். தேவ்நாரை ஒட்டியிருக்கும் தானே க்ரீக்கின் நீரில் சேறும் நகரத்துக் கழிவும் கலந்திருக்கிறது.

கரண்ட் போனால் நீரோட்டம் நிற்கும், ஆக்ஸிஜன் குறையும். பொங்கலுக்குத் தாதரில் திருநெல்வேலி ரயில் ஏறினால், திரும்பி வரும்வரை டெஸ்ட் கிட்டும் கையுமாக யார் நிற்பார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. பாறை கட்டும் கடினப் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, ஆர்கன் பைப் பவளம் ஆகியவை அதில் அடங்கும். பிடிப்பது, வாங்குவது, விற்பது, வைத்திருப்பது எல்லாமே குற்றம். 2022இல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் அமலில் இருக்கும் விதிகளின்படி, முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. ஷோகேஸில் வைக்கும் செத்த பவளமும், "லைவ் ராக்" என்ற பெயரில் விற்கப்படும் பவளக் கல்லும் இதே வம்பில் மாட்டிவிடும்.

"இது இம்போர்ட்டட் சார், சட்டம் பொருந்தாது" என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். அட்டவணை பெயரிடுவது உயிரின வகையை, அது எந்த நாட்டுக் கடலிலிருந்து வந்தது என்பதை அல்ல. உலக அளவிலும் கடினப் பவளங்கள் அனைத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன, அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. ஓர் இனம் சைட்டிஸ் பட்டியலிலும் இந்தியாவின் முதல் அட்டவணையிலும் இருந்தால், இங்கே முதல் அட்டவணையின் விதிதான் செல்லும்.

இந்தச் சட்டம் ஏட்டோடு நிற்பதில்லை என்பதற்கு மும்பையிலேயே சாட்சி இருக்கிறது. கோஸ்டல் ரோடு போடும்போது வொர்லியிலும் ஹாஜி அலியிலும் பாறைகளில் ஒட்டியிருந்த பவளங்கள் கண்டறியப்பட்டன. எல்லாம் சின்னச் சின்னத் திட்டுகள். ஆனாலும் மாநகராட்சி இஷ்டத்துக்கு மண்ணைக் கொட்டிவிட முடியவில்லை. வனத்துறையின் அனுமதி பெற்று, தேசியக் கடலியல் நிறுவனத்தின் உதவியுடன், 2020இல் 18 பவளத் திட்டுகள் பெயர்த்து வேறிடத்தில் பொருத்தப்பட்டன. அவ்வளவு பெரிய சாலைத் திட்டத்துக்கே அனுமதி தேவைப்பட்டது என்றால், நம் ஹாலுக்கு விலக்கு எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவு கண்டிப்பு ஏன்?

நம் ஊர்க் கதையே காரணம் சொல்லும். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் பல ஆண்டுகள் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப் பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடி அருகே வான் தீவு கரைந்து சுருங்கியது.

வெட்டுவது ஓய்ந்த பிறகு வெப்பம் வந்தது. 2016 கோடையில் கடல் நீர் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்குப்படி, உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதமாகச் சரிந்தது. இதே நிறுவனம் 2002 முதல் பவளத் துண்டுகளைச் செயற்கைச் சட்டங்களில் கட்டி, கடலடியில் நட்டு வளர்த்துவருகிறது. ஒரு கிளையை ஒடித்து நட்டால் புதுக் கூட்டமாக வளரும் என்ற அதே குணத்தை நம்பித்தான் வெளிநாட்டுத் தொட்டிக்காரர்களும் பவளம் வளர்க்கிறார்கள்.

அப்போ நான் என்னதான் செய்வது?

தொட்டி ஆசை விடவில்லை என்றால், பவளம் இல்லாத கடல் மீன் தொட்டி வைக்கலாம். செராமிக் பாறை போடுங்கள். பண்ணையில் பொரித்த கோமாளி மீன் கேட்டு வாங்குங்கள். அதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. முதல் தொட்டி என்றால், செடி வளர்க்கும் நன்னீர்த் தொட்டியில் கை பழகுவது இன்னும் நல்லது.

நாளைக்கே சிங்கப்பூருக்கோ ஜெர்மனிக்கோ வேலைக்குப் போகிறீர்களா? அங்கே சட்டபூர்வமாகத் தொட்டியில் வளர்த்த துண்டுகள் கிடைக்கும். மேலே சொன்ன ஆல்கலினிட்டி கணக்கு அப்போது உதவும். திரும்பி வரும்போது மட்டும் பெட்டியில் போட்டுக் கொண்டுவராதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? இன்னொருவருக்கு விற்காதீர்கள், அது புதிய குற்றம். கடலில் கொண்டுபோய்ப் போடவும் வேண்டாம், தொட்டியின் நோய்களும் கூடவே போகும். ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு வனத்துறையை அணுகுங்கள்.

பவளத்தை உயிரோடு பார்க்க வேண்டும், அவ்வளவுதானே? ஹாஜி அலியில் கடல் நன்றாக வற்றும் நாள்களில் பாறை இடுக்குகளில் அது இருக்கிறது. 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' குழு 2017 முதல் இத்தகைய கரையோர நடைகளை நடத்திவருகிறது. வற்று நேரம் பார்த்துக்கொண்டு, கிரிப் உள்ள செருப்புப் போட்டுப் போங்கள். மிதிக்காதீர்கள், தொடாதீர்கள், எதையும் எடுத்துவராதீர்கள். ரீல்ஸில் பார்த்த நீல மினுமினுப்பு இருக்காது, பழுப்பும் சாம்பலுமாக உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டுதான் தெரியும். ஆனால் அதற்கு டெஸ்ட் கிட்டும் வேண்டாம், சில்லரும் வேண்டாம்.