காணிப்பாக்கம் திருவிழாவும் கம்ப்யூட்டர் காலண்டரும்

சித்தூரில் பஸ் ஏறினால் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் காணிப்பாக்கம். பாகுதா நதிக்கரையில் உள்ள இந்த ஊரில், கிணற்றில் சுயம்புவாகத் தோன்றியவர் என்று பக்தர்கள் போற்றும் வரசித்தி விநாயகர் கோயில் கொண்டிருக்கிறார். விநாயக சதுர்த்தியன்று தொடங்கும் பிரம்மோற்சவம் 21 நாட்கள் நடைபெறும். ஆந்திரத்தார் மட்டுமன்றித் தமிழர்களும் திரளாக வந்து தரிசிக்கும் திருவிழா இது.

வெளி மாநிலத்தில் வேலை பார்க்கும் தமிழருக்கு, திருவிழா என்றதும் எழும் முதல் கேள்வி, "என்றைக்கு?" என்பதுதான். கையிருப்பு லீவோ சொற்பம். முன்பு 120 நாட்களுக்கு முன்னதாகக் கிடைத்த ரயில் முன்பதிவு, 2024 நவம்பர் முதல் 60 நாட்களாகக் குறைந்துவிட்டது. தேதி ஒரு நாள் பிசகினால் லீவும் போயிற்று, டிக்கெட்டும் போயிற்று!

புது குமாஸ்தா

இந்தக் கேள்வியை இப்போது பலர் கம்ப்யூட்டரிடமே விட்டுவிடுகிறார்கள். 'ஏ.ஐ. ஏஜென்ட்' எனப்படும் செயற்கை அறிவு முகவர், பதில் சொல்வதோடு நிற்பதில்லை. சொன்ன வேலையைச் செய்தும் முடிக்கிறது. "உற்சவத்தைக் காலண்டரில் குறித்து வை" என்றால், காலண்டர் தயாரிக்கும் கருவி ஒன்றை அழைத்து அதனிடம் வேலையை ஒப்படைக்கும்.

அந்தக் கருவியை எப்படிக் கையாள்வது என்பதற்கு ஒரு விளக்கக் குறிப்பு உண்டு. கருவியின் பெயர், அது செய்யும் வேலை, அதற்குத் தர வேண்டிய விவரங்கள் ஆகியவை அதில் இருக்கும். ஆபீசில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா, சந்தேகம் வந்தால் ஹெட் கிளார்க்கைக் கேட்பார். முகவருக்கோ அந்தக் குறிப்புதான் ஹெட் கிளார்க். குறிப்பில் விட்டுப் போனதை அது ஊகித்து நிரப்பிவிடக் கூடும்.

ஒரு நாள் எங்கே போயிற்று?

2024ஆம் ஆண்டு சதுர்த்தி செப்டம்பர் 7. அதை 7-9 என்று எழுதினால் நமக்கு செப்டம்பர் 7. அமெரிக்க வழக்கில் அதுவே ஜூலை 9! எனவே ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் '2024-09-07' என்று எழுத வேண்டும் என்பதைக் குறிப்பு கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

அடுத்தது நேரம். இந்திய நேரப்படி நள்ளிரவு 12 மணி என்பது, கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரப்படி முந்தின நாள் மாலை 6-30. எந்த ஊர் நேரம் என்று சொல்லாமல் விட்டால், திருவிழா ஒரு நாள் முன்னதாகவே காலண்டரில் ஏறிவிடலாம்.

மூன்றாவது, முடியும் தேதி. 2025 உற்சவம் ஆகஸ்ட் 27 முதல் செப்டம்பர் 16 வரை 21 நாட்கள். ஆனால் கம்ப்யூட்டர் காலண்டர்களுக்கான பொது விதிப்படி, முழு நாள் நிகழ்ச்சியின் முடிவாக மறுநாளைக் குறிப்பிட வேண்டும். அதாவது செப்டம்பர் 17. இதை அறியாமல் 16 என்று போட்டால் கடைசி நாள் உற்சவம் காணாமல் போகும்.

எந்தக் காலண்டர்?

சித்தூர் பகுதித் தமிழர் வீடுகளில் தமிழ்க் காலண்டரும் தெலுங்குக் காலண்டரும் அருகருகே தொங்குவது உண்டு. ஒன்று சூரியனைப் பின்பற்றுவது, மற்றது சந்திரனை. விசுவாவசு ஆண்டு தெலுங்கருக்கு 2025 மார்ச் 30இல் பிறந்தது. தமிழருக்கு ஏப்ரல் 14இல்தான் பிறந்தது. பெயர் ஒன்று, பிறந்த நாள் வேறு!

2025இல் ஆகஸ்ட் 27இல் வந்த சதுர்த்தி, 2026இல் அதிக மாதம் காரணமாக செப்டம்பர் 14இல் வருகிறது. ஆகவே 'ஆண்டுதோறும் இதே தேதி' என்று குறித்து வைப்பது பெரும் பிழை.

கம்ப்யூட்டர் காலண்டர் விதிகள் 1998இல் வகுக்கப்பட்டு, 2009இல் திருத்தப்பட்டன. சீன, யூதக் காலண்டர்களின்படியும் நாட்களைத் திரும்பத் திரும்பக் குறிக்க 2015இல் வழி செய்யப்பட்டது. அந்த வரிசையில் 'இந்தியன்' என்ற பெயரும் இருக்கிறது. ஆனால் அது மேகநாத் சாஹா தலைமையிலான குழு பரிந்துரைத்து, 1957 மார்ச் 22 முதல் அரசு நடைமுறைக்கு வந்த சக ஆண்டுக் காலண்டர். நம் திதியும் பஞ்சாங்கமும் அதில் இல்லை.

பஞ்சாங்கம் இருந்தாலும் குழப்பம் வராமல் இல்லை. 2023இல் சதுர்த்தி திதி செப்டம்பர் 18 நண்பகல் வாக்கில் தொடங்கி, மறுநாள் நண்பகல் தாண்டியும் நீடித்தது. தமிழக அரசு முதலில் 17ஆம் தேதி என்று அறிவித்திருந்த விடுமுறையைப் பின்னர் 18க்கு மாற்றியது. மும்பையிலோ 19ஆம் தேதி கொண்டாடினார்கள். பழைய பட்டியலை நம்பிய கம்ப்யூட்டர் என்ன செய்யும்?

ஆகவே கருவிக்குக் குறிப்பு எழுதுவோர் நான்கு வரிகளைச் சேர்த்தால் போதும்: திதிப்படி வரும் பண்டிகைக்கு 'ஆண்டுதோறும்' போடாதே, அந்தந்த ஆண்டுத் தேதியை மட்டும் போடு, தேதி எங்கிருந்து கிடைத்தது என்று எழுதிவை, இரண்டு தேதி கண்டால் உரியவரைக் கேள்.

காணிப்பாக்கம் சத்தியப் பிரமாணத்துக்குப் பேர் போன ஊர். வழக்குள்ளவர்கள் குளத்தில் மூழ்கி எழுந்து, விநாயகர் முன் சத்தியம் செய்வார்கள். கம்ப்யூட்டர் குளத்தில் மூழ்காது. அதற்குப் பதிலாக உண்மை சொல்ல வேண்டிய பொறுப்பு, குறிப்பு எழுதுகிறவருடையது. டிக்கெட் எடுக்குமுன் கோயில் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது.