பெட்டிக்குள் வராத பாதி: தொடு இசைக்கருவி வாங்குவோரின் உரிமைகள்

தொடு உணர்வு கொண்ட மின்னிசைக் கட்டுப்பாட்டுக் கருவி தானாக எந்த ஒலியையும் எழுப்புவதில்லை. விரல் எங்கே பட்டது, எவ்வளவு அழுத்தத்துடன் பட்டது, பட்ட பின் எந்தப் பக்கம் நகர்ந்தது, எவ்வளவு விரைவாக விலகியது என்பவற்றை எண்களாக மாற்றிக் கைபேசிக்கோ கணினிக்கோ அனுப்புவதுதான் அதன் வேலை. அந்த எண்களைப் பெற்று ஒலியாக்குவது அங்கே நிறுவப்பட்டிருக்கும் மென்பொருள். வீணைக்குக் குடம் எப்படியோ இக்கருவிக்கு மென்பொருள் அப்படி. ஆயினும் குடம் வீணையோடு சேர்ந்தே வீட்டுக்கு வந்துவிடுகிறது, மென்பொருளோ விற்ற பிறகும் நிறுவனத்தின் பிடியிலேயே தங்கிவிடுகிறது. வாங்குவோருக்கு நேரும் சிக்கல்களில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பதால், சட்டம் தரும் பாதுகாப்பையும் பெட்டிக்குள் வரும் பாதி, வராத பாதி என்று பிரித்துப் பார்ப்பதே பொருத்தமாகும்.

தருமபுரி மாவட்டத்துப் பாப்பிரெட்டிப்பட்டி போன்ற பேரூர்களில், கோயில் திருவிழாவின் மெல்லிசைக் கச்சேரி மேடையில் கீபோர்டும், குச்சியால் தட்டி வாசிக்கும் ‘பேடு’ என்ற மின்தாளக் கருவியும் பழகிப்போனவை. அவற்றில் ஒயரை ஸ்பீக்கரில் மாட்டினால் சத்தம் வந்துவிடும். அந்தப் பழக்கத்தோடு, கடையில் தொட்டுப் பார்க்க வாய்ப்பில்லாமல் இணையத்தில் படம் பார்த்து வாங்கப்படும் புதிய கருவி, பெட்டியைத் திறந்ததும் ஊமையாகக் கிடக்கும்போது அது பழுதானது என்ற எண்ணம் எழுவது இயல்பு. அது சில வேளை உண்மையாகவே பழுது, சில வேளை அமைப்பில் உள்ள பிசகு, சில வேளை விளம்பரம் மறைத்த செய்தி. மூன்றுக்கும் பரிகாரம் வேறுவேறு.

இவ்வகைக் கருவிகளில் பரவலாகப் பேசப்பட்ட ஒன்று, 2009இல் ரோலண்டு லாம்ப் என்பவர் இலண்டனில் தொடங்கிய ரோலி நிறுவனத்தின் படைப்பு. அலை போல் நெளியும் மென்மையான பரப்பைக் கட்டைகளாகக் கொண்ட சீபோர்டை முதலில் வெளியிட்ட அந்நிறுவனம், 2016இல் பிளாக்ஸ் என்ற வரிசையைக் கொண்டுவந்தது. அதில் லைட்பேடு என்பது உள்ளங்கையில் அடங்கும் சதுரம். மேலே சிலிக்கோன் தோல், அதன் அடியில் 15க்கு 15 என 225 சிறு விளக்குகள், ஓரங்களில் காந்தம். ஒரு சதுரத்தை மற்றொன்றின் பக்கத்தில் கொண்டுபோனால் தானே ஒட்டிக்கொண்டு, இரண்டும் ஒரே கருவியாக இயங்கும். துண்டு துண்டாக வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்பதே இவ்வரிசையின் கவர்ச்சி. ஒரு துண்டு வாங்கியவரை அடுத்த துண்டுக்கு இழுக்கும் வணிக நுட்பமும் அதுவே என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 2021 செப்டம்பரில் இந்நிறுவனம், கடன் சுமை தாங்காத நிறுவனங்களைத் தனி நிர்வாகியிடம் ஒப்படைக்கும் பிரித்தானிய நடைமுறைக்குள் சென்றது. அதன் பணிகளை லுமினரி என்ற புதிய நிறுவனம் ஏற்றது. ஏற்க எவரும் முன்வராதிருந்தால், நல்ல நிலையில் இருந்த கருவிகள்கூட மென்பொருள் புதுப்பிப்பு இல்லாமல் அடுத்தடுத்த கைபேசிகளோடு ஒத்துப்போகாமல் நின்றிருக்கும். ஒரு பொருளின் ஆயுள் அதன் உறுதியால் மட்டும் அல்லாமல் அதைச் செய்தவரின் கணக்குப் புத்தகத்தாலும் தீர்மானிக்கப்படும் நிலை, மிருதங்கம் வாங்குபவர் ஒருபோதும் சந்திக்காத ஒன்று.

தமிழ் இசை மரபில் ஊறியவருக்கு இக்கருவிகள் மீது ஈர்ப்பு உண்டாவதற்கு நியாயமான காரணம் உண்டு. 1983இல் உருவான மிடி என்ற பொது நெறி, அதாவது மின்னிசைக் கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் மொழி, தனித்தனிக் கட்டைகள் கொண்ட கீபோர்டை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. அதில் சுரத்தை வளைத்தால் அந்தத் தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்தே வளையும். கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்தும் வழுக்கியும் உயிரூட்டும் முறைக்கு, இது போதாது. 2018 சனவரியில் ஏற்கப்பட்ட எம்.பி.ஈ என்ற விரிவாக்கம், ஒவ்வொரு விரலுக்கும் தனித் தடம் ஒதுக்கி இந்தக் குறையைத் தீர்த்தது. அதற்கு முன்பே, 2009இல் வெளியான ‘டெல்லி-6’ படத்தின் ‘ரெஹ்னா து’ பாடலின் இறுதிப் பகுதியில், கட்டைகளே இல்லாத கண்டினியம் என்ற தொடுபரப்புக் கருவியை ஏ.ஆர். ரகுமான் வாசித்திருக்கிறார்.

பழைய முறைக்கும் எம்.பி.ஈ முறைக்கும் இடையேதான் பழுது போலத் தோன்றும் பிசகு ஒளிந்திருக்கிறது. எம்.பி.ஈ முறையில் சுர வளைவின் எல்லை வழக்கமாக 48 அரைச்சுரமாகவும், பழைய முறை மென்பொருள்களில் 2 அரைச்சுரமாகவும் வைக்கப்பட்டிருக்கும். கருவி 48இலும் மென்பொருள் 2இலும் இருக்க, ஒருவர் விரலைச் சட்சத்திலிருந்து பஞ்சமத்துக்கு, அதாவது 7 அரைச்சுரத் தொலைவுக்கு, இழுத்தால், ஒலி ஒரு அரைச்சுரத்தின் மூன்றில் ஒரு பங்குகூட நகராது. எல்லைகள் தலைகீழாக மாறிக் கருவி 2இலும் மென்பொருள் 48இலும் நின்றால், ஒரு அரைச்சுர அசைவு 24 அரைச்சுரமாகப் பெருகி, இரண்டு ஸ்தாயி உயரத்துக்குப் பாய்ந்து அலறும். இரண்டு நிலையிலும் கருவியில் குறை இல்லை. இரு பக்கத்து எண்ணையும் ஒன்றாக்கினால் போதும். மின்னேற்றத்துக்கு மட்டுமே பயன்படும், தரவுக் கம்பி இல்லாத மலிவான கேபிளை மாட்டிவிட்டுக் கருவி செத்துவிட்டது என்று முடிவுகட்டுவதும் இதே வகைப் பிசகுதான்.  புகார் எழுதுவதற்கு முன்னால் இவற்றைச் சரிபார்த்து, சரிபார்த்ததைக் காணொளியாகப் பதிந்து வைப்பது, பின்னர் விற்பனையாளர் ‘பயன்படுத்தத் தெரியவில்லை’ என்று தட்டிக்கழிக்கும் வழியை அடைத்துவிடும்.

பெட்டிக்குள் வந்த பாதியைப் பொறுத்தவரை சட்டம் உறுதியாகவே நிற்கிறது. 2020 சூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தரத்திலோ திறனிலோ உள்ள குறையைக் ‘குறைபாடு’ என வரையறுப்பதோடு, குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறித்த காலத்துக்குள்ளும், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாளுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் ஒரு படி மேலே சென்று, விளம்பரத்தில் சொல்லப்பட்ட தன்மைகள் பொருளில் இல்லாவிட்டாலும் விற்பனையாளர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்கின்றன. தனி ஒலிப்பெட்டி போல இசை பொழிவதாகக் காட்டிவிட்டு, கைபேசியும் மென்பொருளும் வேண்டும் என்பதை மறைத்த விளம்பரத்துக்கு எதிராக வாதிட இந்த விதியே பிடி. ஆகவே பொருள் வந்து சேர்வதற்கு முன்பே விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வைக்க வேண்டும்; அது பின்னாளில் மாற்றப்படக்கூடும்.

இறக்குமதியான பெட்டி என்றால், அதன் மேல் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலையும், நுகர்வோர் தொடர்பு விவரமும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டமுறை எடையளவுத் துறையின் 2011ஆம் ஆண்டு விதி. இவை இல்லாத பெட்டி பெரும்பாலும் முறையான வழியில் வராதது. அதற்கு உற்பத்தியாளரின் உத்தரவாதம் இந்தியாவில் செல்லாமல் போக வாய்ப்புண்டு. வெளிநாட்டுத் தளத்தில் நேரடியாக வாங்குபவர் சுங்கவரியும் ஒருங்கிணைந்த ஜி.எஸ்.டியும் கட்ட நேரும்; பொருள் பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு அதற்கு மேல். இந்திய நுகர்வோரைக் குறிவைத்து முறையாக விற்கும் அயல்நாட்டு நிறுவனங்களுக்கும் மின்வணிக விதிகள் பொருந்தும் என்று எழுதப்பட்டுள்ளது உண்மையே. ஆனால் இந்தியாவில் அலுவலகமே இல்லாத ஒன்றிடமிருந்து உத்தரவை நிறைவேற்றி வாங்குவது தாளில் உள்ளதைப் போல எளிதன்று. மின்கலத்தை மின்னேற்றப் பயன்படுத்தும் பவர் அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண் இருக்க வேண்டும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைத் தட்டி உண்மையை உடனே பார்க்கலாம்.

பெட்டிக்குள் வராத பாதியில் நிலை சிக்கலானது. மென்பொருள் விற்கப்படுவதில்லை, பயன்படுத்த உரிமம் மட்டுமே தரப்படுகிறது. நிறுவும்போது ‘ஏற்கிறேன்’ என்று அழுத்தும் நீண்ட ஒப்பந்தத்தில், நிறுவனம் தன் விருப்பப்படி சேவையை நிறுத்தலாம் என்ற வரி இருக்கலாம். தகுந்த காரணமின்றி ஒரு தரப்பு மட்டும் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தரும் நிபந்தனையைச் சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற வகையில் வைத்திருக்கிறது. ஆனால் அவ்வகைப் புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாவட்ட ஆணையத்துக்கு இல்லை; மாநில ஆணையத்துக்கே செல்ல வேண்டும். சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்காக இந்த நுணுக்கத்தில் சிக்குவதைக் காட்டிலும், விளம்பரத்தில் சொன்ன மென்பொருள் கிடைக்கவில்லை என்ற அடிப்படையில், பொருளின் தன்மையையும் வணிக நடைமுறையையும் முன்வைத்து மாவட்ட ஆணையத்தில் வழக்கிடுவதே நடைமுறைக்கு உகந்தது. இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் சொல்லாமல் பணம் பிடிப்பதும், சந்தாவை நிறுத்தும் பொத்தானை ஒளித்துவைப்பதும், 2023 நவம்பரில் வெளியான இருண்ட வடிவமைப்புகள் பற்றிய வழிகாட்டுதல்கள் பட்டியலிட்ட 13 வகைகளுள் அடங்கும். இசை மென்பொருள் சந்தாக்களில் இவ்விரண்டையும் கவனிக்க வேண்டும்.

புகார் செல்லும் வழி நீளமானதல்ல. முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும்; அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தந்து ஒரு மாதத்துக்குள் தீர்க்கக் கடமைப்பட்டவர். அதில் பயனில்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்; அங்கும் தீராவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரிலோ வழக்குக்குக் காரணம் எழுந்த ஊரிலோ வழக்கிட வேண்டியிருந்தது. புதிய சட்டத்தில் புகார்தாரர் குடியிருக்கும் இடமே போதும் என்பதால், பெங்களூரிலோ குருகிராமிலோ இருக்கும் நிறுவனத்தைப் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் தருமபுரிக்கு வரவழைக்க முடியும். 5 இலட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, இணையவழித் தாக்கலுக்கும் காணொளி விசாரணைக்கும் இடமுண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஆய்வகச் சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படுவதை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். முயற்சி என்ற சொல்லுக்குரிய தாராளம் நடைமுறையில் இருக்கத்தான் செய்கிறது. சட்ட உதவிக்குத் தகுதியுள்ளவர்கள் 15100 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். பொருளே வராமல் போலித் தளத்தில் பணம் போனால் அது நுகர்வோர் தகராறு அன்று, குற்றம். தாமதிக்காமல் 1930க்கு அழைக்க வேண்டும்.

கச்சேரிக் கலைஞர் வாங்கினால் அவர் நுகர்வோரா என்ற கேள்வி தனியே கவனிக்கத்தக்கது, ஏனெனில் எதிர்த்தரப்பு முதலில் எடுக்கும் ஆயுதம் அதுதான். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகார். ஆயினும் தன் உழைப்பால் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியவருக்கு விலக்கு உண்டு. கோவை பி.எஸ்.ஜி தொழில் நிறுவனத்துக்கு எதிரான லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், தானே ஓட்டிப் பிழைப்பதற்காக ஆட்டோவோ தானே இயக்குவதற்காகக் கடைசல் இயந்திரமோ வாங்குபவர் நுகர்வோரே என்று விளக்கியது. அந்த வழக்கில் வாங்கியவர் பெரிய அளவில் தொழில் நடத்தியதால் தோற்றார் என்பது வேறு. தானே மேடையில் வாசித்துக் கூலி பெறுபவர் அந்த ஆட்டோ ஓட்டுநருக்கு ஒப்பானவர். பத்துக் கருவிகளை வாங்கி வாடகைக்கு விடுபவர் அப்படியல்லர். புகார் மனுவிலேயே ‘தன் வாழ்வாதாரத்துக்காகத் தானே வாசிக்க வாங்கியது’ என்ற வரி இடம்பெறுவது நல்லது.

பழைய கருவியை ஒருவரிடமிருந்து மற்றொருவர் வாங்கும்போது நிலைமை மீண்டும் மாறுகிறது. விற்பவர் வணிகர் அல்லர் என்றால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு பெரும்பாலும் திறக்காது. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டத்தின்படி உரிமையியல் நீதிமன்றம்தான். பல நிறுவனங்களில் மென்பொருள் உரிமம் கருவியின் வரிசை எண்ணோடும் முதலில் வாங்கியவரின் கணக்கோடும் கட்டப்பட்டிருப்பதால், காந்தமும் சிலிக்கோனும் புதிதுபோல மின்னினாலும், கணக்கு மாறாதவரை வாங்கியவர் கையில் இருப்பது பாதிக் கருவியே. பணம் கைமாறுவதற்கு முன், விற்பவர் தன் கைபேசியிலேயே நிறுவனத்தின் தளத்தைத் திறந்து அந்த வரிசை எண்ணைத் தன் கணக்கிலிருந்து விடுவிக்க வேண்டும். வாங்குபவர் அதே இடத்தில் அமர்ந்து தன் கணக்கில் அதைச் சேர்த்து, ஒரு முறை சட்சத்திலிருந்து பஞ்சமம் வரை விரலை இழுத்துக் கேட்ட பிறகே பணத்தைத் தர வேண்டும்.