செத்துப்போன காந்தம், சாட்சி சொல்லும் பாறைகள்! செவ்வாயில் விண்கலம் கண்டுபிடித்த ரகசியம்

பூமியில் காந்த ஊசி வடக்கு பார்த்து நிற்கும். அதே ஊசியை செவ்வாய் கிரகத்துக்கு கொண்டு போனால்? இடத்துக்கு இடம் ஒவ்வொரு திசை காட்டும். காரணம், அந்த கிரகத்தின் காந்தம் எப்போதோ செத்துப்போச்சு.

தரையில் இறங்காமலே இதை கண்டுபிடித்தது, அமெரிக்காவின் 'நாசா' 1996-ம் ஆண்டு நவம்பரில் அனுப்பிய 'மார்ஸ் குளோபல் சர்வேயர்' விண்கலம். 1997 செப்டம்பரில் அது செவ்வாயை சுற்ற ஆரம்பித்தது.

அளப்பது எப்படி?

சிறிய உலோகத்துண்டு, அதைச் சுற்றி கம்பிச்சுருள். இதுதான் கருவி. சுருளில் மின்சாரம் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும். வெளியே காந்தம் இருந்தால் அந்த ஆட்டம் ஒரு பக்கமாக சாயும். எவ்வளவு சாய்கிறதோ, அதுதான் காந்தத்தின் அளவு.

இதில் ஒரு சிக்கல். விண்கலத்தில் ஓடும் மின்சாரமே காந்தத்தை உண்டாக்கும். அதனால் 2 கருவிகளையும் சோலார் தகடுகளின் நுனியில், தள்ளி வைத்தார்கள்.

உடைந்தும் லாபம்

விண்ணுக்கு போனதும் ஒரு சோலார் தகடு விரியும்போது அதன் பாகம் ஒன்று உடைந்தது. செவ்வாயின் காற்றில் உரசித்தான் சுற்றுப்பாதையை சுருக்க வேண்டும். தகடு முறிந்துவிடக் கூடாதே! மெதுவாக உரசினார்கள். சில மாத வேலை 1999 வரை இழுத்தது.

அதுவே அதிர்ஷ்டமாகி விட்டது. கிட்டே போனால்தான் காந்தம் நன்றாக தெரியும். விண்கலம் நூற்றுக்கணக்கான தடவை தரைக்கு அருகே வந்து அளந்தது.

பாறையில் பதிந்த காந்தம்

செவ்வாய் முழுவதற்குமான காந்தம் இல்லை. ஆனால் தெற்கே உள்ள பழைய பாறைகளில் வலுவான காந்தம் இருந்தது. எரிமலைக்குழம்பு ஆறும்போது, அன்றைய காந்தம் அதில் அப்படியே பதிந்துவிடும். பிறகு விண்கற்கள் மோதி உண்டான 'ஹெல்லாஸ்' போன்ற பெரும் பள்ளங்களில் அது இல்லை. ஆகவே சுமார் 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பே காந்தம் அணைந்திருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கூறுகிறார்கள்.

காந்தம் போனதும் சூரியனில் இருந்து வீசும் துகள்கள் செவ்வாயின் காற்றை அரித்தன. இப்படி வினாடிக்கு சுமார் 100 கிராம் காற்று பறிபோவதாக 'மாவென்' விண்கலம் அளந்ததை 2015-ல் நாசா அறிவித்தது. ஒரு காலத்தில் தண்ணீர் ஓடிய கிரகம் இன்று வறண்ட பாலைவனம்.

சர்வேயருடன் 2006 நவம்பரில் தொடர்பு அறுந்தது. அது எடுத்த காந்த வரைபடம் மட்டும் மிச்சம்.

பூமிக்குள்ளே உருகிய இரும்பு இன்னும் சுழன்றுகொண்டே இருக்கு. அது தரும் காந்தக் கேடயமும் நம்ம தலைக்கு மேலே இருக்கு!