வீடு திரும்பியவரின் பக்கத்தில்

தற்கொலைக்கு முயன்றவரின் உயிரைக் காப்பாற்றி, மருத்துவமனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அக்கம்பக்கத்தில் ‘வயிற்றுவலி’ என்று சொல்லியாகிவிட்டது. “இனி அதைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது” என்று வீட்டுப் பெரியவர் சொல்லிவிடுகிறார். எல்லாம் பாசத்தால்தான். ஆனால், அந்த மௌனத்தில் பிழைத்து வந்தவர் தனியாகிவிடுகிறார்.

ஒருமுறை முயன்றவருக்கு மறுபடியும் ஆபத்து அதிகம். அதிலும் வீடு திரும்பிய முதல் சில வாரங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டியவை. அப்போது பக்கத்தில் இருப்பது மருத்துவர் அல்ல, குடும்பம்தான்.

நேராகக் கேளுங்கள்

கேட்டால் நாமே அந்த நினைப்பைக் கிளறிவிடுவோமோ என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை, கேட்க ஆள் இருக்கிறது என்பதே பாரத்தைக் குறைக்கும். டிவியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். “மனசு ரொம்பக் கஷ்டமா இருக்காப்பா? செத்துடலாம்னு இன்னும் தோணுதா?” என்று கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் அதிராமல், குறுக்கே பேசாமல் கேளுங்கள். “உனக்கு என்ன குறை வெச்சோம்?” என்பது குற்ற உணர்வைத்தான் கூட்டும். “சொன்னியே, அதுவே போதும். சேர்ந்து பார்ப்போம்” என்பது பிடிமானம் தரும்.

சொல்கிறவர் செய்யமாட்டார் என்பது தவறு

“நான் இல்லேன்னா உங்களுக்குப் பாரம் குறையும்” என்ற பேச்சு, தூக்கம் கெடுவது, குடி கூடுவது, மாத்திரையை நிறுத்துவது, ஆசையாக வைத்திருந்த பொருளை எடுத்துக் கொடுத்துவிடுவது ஆகியவை எச்சரிக்கைகள். ‘சும்மா மிரட்டுகிறான்’ என்று தள்ளிவிடாதீர்கள். உடனே மருத்துவரிடம் பேசுங்கள். அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள்.

சாவி ஒருவரிடம் இருக்கட்டும்

சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் நீடிப்பதில்லை. அது தணியும்வரை ஆபத்தானவை கைக்கு எட்டாமல் இருந்தால் உயிர் தப்பும். மாத்திரைகளை ஒருவர் பூட்டிவைத்து, வேளைக்கு எடுத்துக் கொடுக்கலாம். பூச்சிமருந்து வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டாம். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், வங்கி லாக்கர் போன்ற பொதுப் பெட்டகங்களில் பூச்சிமருந்தை வைக்கும் முயற்சி நடந்திருக்கிறது. ஊரே செய்ததை ஒரு வீடும் செய்யலாம்.

வீட்டுச் சண்டைக்கும் வைத்தியம் வேண்டும்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். காரணங்களில் முதலிடம் குடும்பப் பிரச்சினைகளுக்கு. கல்யாணப் பேச்சு, கடன், மதிப்பெண், குடி என்று எது அவரை நெருக்கியதோ அதைத் தொடாமல், மாத்திரை மட்டும் கொடுத்துப் பயனில்லை. உளவியல் ஆலோசகர் அழைத்தால் குடும்பத்தாரும் கூடவே செல்லுங்கள்.

போலீஸ் பயம் வேண்டாம்

வழக்காகிவிடும் என்று அஞ்சி உண்மையை மறைத்தால் சரியான சிகிச்சை கிடைக்காது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்க வேண்டியவராக அல்ல, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது.

கவனிப்பவருக்கும் ஓய்வு

இரவெல்லாம் விழித்திருப்பது பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான். ‘நான் கவனிக்காமல் விட்டேனே’ என்ற குற்ற உணர்வு வேறு. அண்ணன், சித்தி, நம்பிக்கையான நண்பர் என்று இரண்டு பேரிடமாவது உண்மையைச் சொல்லி, முறை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஓய்ந்துபோனவரால் பொறுமையாகக் கேட்க முடியாது.

டெலி மனஸ் உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104, சென்னை சிநேகா அமைப்பின் 044-24640050 ஆகிய எண்களும் உண்டு. கவனிப்பவர்களும் அழைக்கலாம். எண்களை இன்றே வீட்டில் எல்லோர் போனிலும் பதிந்துவையுங்கள். பிறகு டிவியை அணைத்துவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.