வாக்காளரில்லாத பிரதிநிதி: சைமன் காசிச்செட்டி

ஈழநாட்டின் மேல்கரையிலே, சிலாபப் பட்டினத்தையடுத்து விளங்கும் முன்னேஸ்வரம் பழம்பெருஞ் சிவத்தலங்களுள் ஒன்று. போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டு, பதினெட்டாம் நூற்றாண்டிற் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் ஆதரவினாற் புத்துயிர் பெற்ற இத்தலத்திலே, தமிழரும் சிங்களவரும் ஒருங்கே வந்து வழிபடுதல் இன்றும் காணத்தக்கது. கோயில் மட்டுமன்று, அதனைச் சூழ்ந்த கரைநாடும் அத்தகையதே. கற்பிட்டி முதற் சிலாபம் வரையுள்ள ஊர்களிலே தமிழர், சிங்களவர், சோனகர், முக்குவர், பரதவர், செட்டிகள் எனப் பலதிறத்தாரும் நெடுங்காலம் கலந்து வாழ்ந்து வந்துள்ளனர். இத்தகைய நாட்டுக்குச் சட்டம் இயற்றப்படும் இடத்தில் யார் பேசுவது? யார் பெயரால் அவர் பேசுவது? இவ்வினாவை எழுப்புவோர்க்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியவர், அக்கரையிலேயே பிறந்து, சட்டநிரூபண சபையிலே தமிழ் அங்கத்தவராய் வீற்றிருந்த சைமன் காசிச்செட்டி அவர்களாவர்.

காசிச்செட்டி 1807ஆம் ஆண்டு கற்பிட்டியிலே பிறந்தார். கிறிஸ்தவக் குடும்பத்தினர். தமிழோடு சிங்களம், ஆங்கிலம், போர்த்துக்கேயம் முதலிய பல மொழிகளையும் கற்றுத் தேர்ந்தார். பதினேழாம் வயதிலேயே புத்தளம் நீதிமன்றத்திலே மொழிபெயர்ப்பாளராய் அமர்ந்தார். நீதிபதி பேசுவது குடிகளுக்கு விளங்காது. குடிகள் முறையிடுவது நீதிபதிக்கு விளங்காது. இருசாராருக்கும் இடையே நின்று ஒருவர் சொல்லை மற்றவர்க்கு உணர்த்துவதே அவ்வுத்தியோகம். பின்னர் மணியகாரராகவும் முதலியாராகவும் உயர்ந்த காலத்தும் அவர் செய்த தொண்டு இதுவேயாம் எனலாம்.

இனி, அவர் புகுந்த சபையின் இயல்பைச் சிறிது நோக்குவோம். கோல்புறூக் ஆணைக்குழுவினர் கூறிய சீர்திருத்தங்களின்படி 1833ஆம் ஆண்டிலே சட்டநிரூபண சபை தோற்றுவிக்கப்பட்டது. அங்கத்தவர் பதினைவருள் ஒன்பதின்மர் அரசாங்க உத்தியோகத்தர். எஞ்சிய அறுவர் உத்தியோகப்பற்றற்றோர். அவ்வறுவருள்ளும் மூவர் ஐரோப்பியர். சிங்களவர்க்கு ஒருவர், தமிழர்க்கு ஒருவர், பறங்கியர்க்கு ஒருவர் என்பதே கணக்கு. சோனகர்க்குத் தனி இடம் 1889ஆம் ஆண்டுவரை கிடையாதாகலின், அவர்கள் சார்பிலும் பேசும் பொறுப்புத் தமிழ் அங்கத்தவரையே சார்ந்திருந்தது. உத்தியோகப்பற்றற்ற அறுவரும் ஒன்றுபட்டு எதிர்த்து நின்றாலும், உத்தியோகத்தர் ஒன்பதின்மரும் கைதூக்கினால் தீர்மானம் நிறைவேறிவிடும். தேர்தல் என்பதோ எவரும் கேட்டறியாதது. அங்கத்தவரைத் தெரிந்தெடுப்பவர் தேசாதிபதி ஒருவரே.

ஒருவரே தெரிந்தெடுக்கும்போது தெரிவு எத்தகையதாகும் என்பதை வரலாறு காட்டுகின்றது. முதல் தமிழ் அங்கத்தவர் கொழும்பில் வாழ்ந்த ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி முதலியார். அவர் 1836இல் மறைந்தார். பிற்காலத்தே அவர்தம் மைந்தர் முத்துக் குமாரசுவாமி அவ்விடத்தைப் பெற்றார். 1879இல் முதலியாரின் மகள்வழிப் பேரர் பொன்னம்பலம் இராமநாதன் பெற்றார். 1893இல் இராமநாதனின் தமையனார் பொ. குமாரசுவாமி பெற்றார். இவர்கள் யாவரும் கல்வியாலும் ஆற்றலாலும் அவ்விடத்துக்குத் தகுதியுடையோரே. ஆயினும் ஓரினத்தின் குரல் பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் வாய்வழியே ஒலிப்பது முறையாகாது என்பதை மறுப்பாரில்லை. இவ்வரிசையினிடையே, 1838ஆம் ஆண்டிலே தேசாதிபதி ஸ்டுவார்ட் மக்கென்சி காலத்தில், கொழும்புக்குத் தொலைவிலுள்ள கற்பிட்டியினின்றும் ஒருவர் அமர்த்தப்பட்டமை வியப்பூட்டுவதாகும்.

அவ்வியப்புக்கு விடையாக நிற்பது ஒரு நூல். 1834ஆம் ஆண்டிலே, தமது இருபத்தேழாம் வயதில், காசிச்செட்டி இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மாவட்டங்களையும் அகரவரிசைப்படுத்தி விவரிக்கும் 'சிலோன் கசற்றியர்' என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். கோட்டேயிலிருந்த மிஷன் அச்சுக்கூடத்தில் அது பதிக்கப்பட்டது. அந்நாளிலே தீவின் உள்ளூர்களை ஆளுவோர் பலர் அவற்றை அறியார். அறிந்த குடிகளோ ஆள்வோர் மொழியில் எழுத அறியார். இவ்விரு குறைகளையும் ஒருங்கே நீக்கியது அந்நூல். பின்னர் முக்குவர் வரலாறு, சோனகர் வழக்கவொழுக்கங்கள் முதலியன பற்றியும் அறிஞர் சங்க வெளியீடுகளிலே கட்டுரைகள் வரைந்தார். தம்மைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களை, தம்மினத்தவர் பிறவினத்தவர் என்று பாராமல், ஆராய்ந்து எழுதிவைத்தமையே இவர் பெருமை.

நிற்க. இத்துணை அறிவுடையார் ஒருவரை மக்களின் பிரதிநிதி என்று சொல்லலாமா? ஆகாது என்பார் கூறும் நியாயம் வலியது. மக்கள் அவரை அனுப்பவில்லை. ஆகலின், அவர் தவறினால் மக்கள் அவரைத் திருப்பியழைக்கவும் இயலாது. இவ்வுண்மை 1845இல் வெளிப்பட்டது. அவ்வாண்டிலே காசிச்செட்டி இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார்; சேரவே, உத்தியோகப்பற்றற்ற இடத்தைத் துறந்தார். அவரைப் பொறுத்தவரை அது உயர்வு. அக்காலத்தே ஐரோப்பியர்க்கே பெரும்பாலும் உரியதாயிருந்த பதவியைச் சுதேசி ஒருவர் எய்தியது நாட்டுக்கும் பெருமையே. ஆனால், தமிழ் மக்களின் ஒரேயொரு இடம் வெறுமையானபோது, அதுபற்றி அம்மக்களுள் ஒருவரேனும் வினவப்படவில்லை. கொடுத்தவரும் தேசாதிபதி, பெற்றுக்கொண்டவரும் தேசாதிபதி, மீளவும் வேறொருவர்க்கு வழங்கியவரும் தேசாதிபதியே.

சபையை நீங்கிய பின்னரும் காசிச்செட்டி தம் தொண்டை நீங்கினாரல்லர். முன்னேஸ்வரத்தை அணித்தேயுள்ள சிலாபத்திலே மாவட்ட நீதிபதியாய் அமர்ந்தார். சிறுவனாய் மொழிபெயர்ப்பாளர் இருக்கையில் நின்றவர், அதே கரைநாட்டில் நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்தமை கருதத்தக்கது. 1859இல், புலவர் ஏறத்தாழ இருநூற்றுவரின் வரலாற்றைக் கூறும் 'தமிழ் புளூராக்' என்னும் ஆங்கில நூல் யாழ்ப்பாணத்தில் வெளியாயிற்று. சைவப் புலவர், சமணப் புலவர், கிறிஸ்தவப் புலவர் யாவரும் அதில் இடம்பெற்றனர். தமிழ்ப் புலவர் வரலாற்றை ஒருங்கு திரட்டும் முயற்சிகளுள் முற்பட்டதாகிய இதனைத் துணையாகக்கொண்டே, பின்னர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை 1886இல் தமது 'பாவலர் சரித்திர தீபக'த்தை விரித்தெழுதினார். காசிச்செட்டி 1860இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மக்கள் தாமே ஒருவரைத் தெரிந்தனுப்பும் உரிமை மிகவும் மெல்லவே வந்தது. 1911ஆம் ஆண்டிலேதான் படித்த இலங்கையர்க்கென ஓரிடம் தேர்தலுக்கு விடப்பட்டது. அதிலே இராமநாதன் 1,645 வாக்குகளும், அவரை எதிர்த்த வைத்தியர் மாக்கஸ் பெர்ணாந்து 981 வாக்குகளும் பெற்றனர். அன்று தீவின் குடிசனத்தொகை 40 இலட்சத்துக்கு மேற்பட்டது. வாக்காளரோ 3,000 பேரளவினரே. ஆங்கிலக் கல்வியும் சொத்தும் இல்லாதார்க்கு அங்கு இடமில்லை. முன்னேஸ்வரத்து உழவனுக்கும் சிலாபத்து மீனவனுக்கும் 1838இல் இருந்த நிலையே 1911இலும் இருந்தது.

டொனமூர் அரசியற்றிட்டமே இந்நிலையை மாற்றியது. 1931ஆம் ஆண்டிலே இருபத்தொரு வயது நிரம்பிய ஆண்களும் பெண்களும் வாக்குரிமை பெற்றனர். இந்தியாவினின்று வந்த தொழிலாளர்க்கு மட்டும் வதிவிட நிபந்தனைகள் விதிக்கப்பட்டமை அத்திட்டத்தின் பெருங்குறை. இனவாரி இடங்கள் நீக்கப்பட்டு, ஐம்பது தொகுதிகளினின்றும் அரசாங்க சபைக்கு அங்கத்தவர் தெரிவாயினர். சிலாபத் தொகுதியினர் 1931இலும் 1936இலும் குளோட் கொறயாவை அனுப்பினர். அவர் 1936 முதல் 1946 வரை தொழில், கைத்தொழில், வர்த்தகம் ஆகியவற்றின் மந்திரியாயிருந்தார். புத்தளத்தின் பாராளுமன்ற அங்கத்தவராகிய எச். எஸ். இஸ்மாயில் 1956இல் சபாநாயகராயினார். காசிச்செட்டி ஒருவரே தனித்துப் பேசிய கரைநாடு, இப்பொழுது தன் வாயாலேயே பேசலாயிற்று.

ஆயின், வாக்குரிமை வந்தபின் காசிச்செட்டி போன்றாரிடம் நாம் கற்கவேண்டியது யாதுமில்லையோ? உண்டு. வாக்கு ஒருவர்க்குப் பேசும் அதிகாரத்தை வழங்கும். பேசுதற்குரிய பொருளை அது வழங்காது. அப்பொருள், தொகுதியின் குளமும் வயலும், அதில் வாழ்வார்தம் மொழியும் வழக்கமும் அறிந்தார்க்கே கைகூடும். காசிச்செட்டியிடம் இவ்வறிவு நிறைந்திருந்தது. அதிகாரம் தேசாதிபதியின் இரவலாயிருந்தது. இக்காலத்துப் பிரதிநிதிகளுக்கு அதிகாரம் மக்கள் அளித்த சொந்தப் பொருள். அறிவை அவர்களே தேடிக்கொள்ளல்வேண்டும். வேட்பாளர் ஒருவர் நம் வாயிலுக்கு வந்து வாக்குக் கேட்கும்போது, எங்கள் ஊரைப்பற்றி நீர் அறிந்தது யாது என்று வினவும் உரிமையும் நமக்குண்டு. மாணவர் அவ்வினாவைத் தெளிவாகக் கேட்கப் பழகுவாராயின், வாக்குச்சீட்டு அதன் முழுப்பயனையும் தரும் என்பது உறுதி.