முகாமுக்கு முன் நிரப்ப வேண்டிய பக்கம்

பாடசாலை விடுமுறை என்றால் சாரணர் பாசறை, தலைமைத்துவப் பயிற்சி, சமய வகுப்பு என்று ஏதாவதொரு வதிவிட முகாம் பிள்ளைகளை அழைக்கும். புத்தளம் மாவட்டத்தின் மதுரங்குளி போன்ற கரையோர ஊர்களில் தென்னந்தோப்பும் களப்பும் பக்கத்திலேயே இருப்பதால் கூடாரமடிக்க இடத்துக்குப் பஞ்சமில்லை. உடுப்பு, பாய், டோர்ச் லைட், பிஸ்கட் எல்லாம் பையில் ஏறிவிடும். பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் போய்ச் சேரும். பிள்ளையின் உடல்நிலை பற்றிய விவரம் மட்டும் பல நேரம் உம்மாவின் மனதோடு வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

நள்ளிரவில் ஒரு பிள்ளைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கினால், பக்கத்தில் இருப்பவர் அந்தப் பிள்ளையை முதல் நாள்தான் கண்ட ஆசிரியராக இருக்கலாம். அவர் கையில் ஒரு மருத்துவப் படிவம் இருந்தே ஆக வேண்டும்.

எதையெல்லாம் எழுத வேண்டும்?

ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, இதய நோய், தலசீமியா போன்ற நீண்டகால நோய்கள், குடிக்கும் மருந்தின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமைகள், செய்த சத்திரசிகிச்சைகள், உடனே பேசக்கூடிய இருவரின் தொலைபேசி எண்கள், அவசரத்தில் சிகிச்சையளிக்கப் பெற்றோரின் சம்மதம். இவை படிவத்தின் அடிப்படை.

பிள்ளையின் நிறையையும் எழுத வேண்டும். பரசிட்டமோல் அளவு வயதைவிட நிறையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். அதாவது 25 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 375 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. 500 மில்லிகிராம் குளிசையை முழுதாகக் கொடுப்பது அதிகம்.

இவற்றில் பெரும்பகுதி வீட்டிலேயே எழுத்தில் இருக்கிறது. பிறந்ததும் கிடைக்கும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் தடுப்பூசி விவரம் உண்டு. தரம் 7இல் ஏற்புவலியும் தொண்டைக்கரப்பானும் வராமல் தடுக்கும் ஊசி போடப்படுகிறது. வெறுங்காலில் ஆணி குத்தினால் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். தரம் 1, 4, 7, 10 மாணவருக்குப் பாடசாலையில் மருத்துவப் பரிசோதனையும் நடக்கிறது. கிளினிக்குக்குப் போகும் பிள்ளையென்றால், கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் பிரதியெடுத்துப் படிவத்தோடு இணைப்பது நல்லது.

இந்த மண்ணுக்கான கேள்விகள்

பொதுவான படிவம் எல்லா ஊருக்கும் போதாது. புத்தளம் மாவட்டம் இறால் வளர்ப்புக்குப் பேர்போனது; முகாம் சமையலில் இறாலும் மீனும் வராமல் இராது. இறால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சடைக்கவும் கூடும். ஆகவே ஒவ்வாமைப் பட்டியல் சமையல்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

காய்ச்சல் வந்தால் டெங்குவை மனதில் வைத்தே நடக்க வேண்டும். அஸ்பிரின், இபுப்ரோஃபென் கொடுத்தால் இரத்தக்கசிவு கூடும் அபாயம் இருக்கிறது. தோப்புகளில் பாம்புக்கடி ஆபத்தும் உண்டு. விஷமுறிவு மருந்தே சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், முன்பு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளவில்லையா என்று வைத்தியர் கேட்பார். வெயிலும் சாதாரணமானதல்ல. 2023 ஓகஸ்டில் தென்கொரியாவின் சேமாங்கும் உலக சாரணர் ஜம்போரியில் நூற்றுக்கணக்கானோர் வெப்பத்தால் நோயுற்றார்கள். பிரித்தானிய, அமெரிக்கக் குழுக்கள் இடைநடுவே முகாமைவிட்டு வெளியேறின.

மறைத்தால் யாருக்கு நட்டம்?

வலிப்பு இருப்பதாகச் சொன்னால் பிள்ளையைச் சேர்க்கமாட்டார்களோ என்று சில பெற்றோர் பயப்படுகிறார்கள். இரவில் படுக்கையை நனைக்கும் பழக்கத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். சொல்லாமல் அனுப்பிய பிள்ளைக்கு வலிப்பு வந்தால், சுற்றியிருப்பவர்கள் கையில் இரும்பைத் திணிப்பார்கள், வாயில் கரண்டி வைப்பார்கள். இரண்டுமே தவறு. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 1990 சுவசெரிய அம்புலன்சை அழைக்க வேண்டும்.

இதில் ஏற்பாட்டாளர்களுக்கும் கடமை உண்டு. நோயை எழுதிய பிள்ளையை ஒதுக்கும் முகாமுக்கு அடுத்த முறை உண்மையான படிவம் வராது. படிவத்தைப் பொறுப்பாளரும் முதலுதவி செய்பவரும் மட்டுமே முழுமையாகப் படிக்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் வாசிக்கக் கூடாது.

சான்றிதழுக்கு அப்பால்

2020 ஜூனில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு வதிவிட முகாம், வருகைக்கு முந்திய 12 நாட்களுக்குள் எடுத்த கொரோனா பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கியது. தொற்றில்லை என்று வந்தவர்கள்தான் உள்ளே போனார்கள். பின்னர் முடிவு கிடைத்த 344 பேரில் 260 பேருக்குத் தொற்று இருந்தது. பரிசோதனைத் தாள் அது எடுக்கப்பட்ட நாளைப் பற்றித்தான் பேசும். அதனால் முகாமில் தினமும் காலையில் காய்ச்சல், இருமல், வயிற்றோட்டம் இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்வது அவசியம்.

வீடு திரும்பிய பிறகு

2015இல் ஜப்பானின் யமகுச்சியில் நடந்த உலக சாரணர் ஜம்போரி முடிந்து ஊர் திரும்பிய பின்பே ஸ்கொட்லாந்து, சுவீடன் சாரணர்கள் சிலருக்கு மூளைக்காய்ச்சல் கிருமித் தொற்று தெரியவந்தது. இப்படியான நேரத்தில் யார் யாரோடு தங்கினார்கள் என்ற பட்டியல் இருந்தால்தான் நெருங்கிப் பழகியவர்களுக்குத் தடுப்பு மருந்தை விரைவாகக் கொடுக்க முடியும்.

மதுரங்குளியில் முகாம் நடத்துவோரும் கூடாரவாரியான பெயர்ப் பட்டியலைச் சில வாரங்களுக்காவது பத்திரப்படுத்த வேண்டும். எலிக்காய்ச்சல் வெளிப்பட ஒரு மாதம்வரை ஆகலாம். முகாம் முடிந்து ஒரு மாதத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், எங்கே தங்கினான், எந்தத் தண்ணீரில் இறங்கினான் என்பதைப் பெற்றோர் வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.